திரி பற்றவைக்கிற குத்து

உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் துளியும் தெரியாத ஒரு விளையாட்டை என்றைக்காவது ஒருநாள் உங்கள் தலையில் கட்டுவார்கள். எனக்குத் தெரியாதே என்று வாயைத் திறப்பதற்குள் உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கும். என் தலையில் கட்டியது குத்துச்சண்டை. கட்டியவர்களுக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன், அன்றைக்குத் திட்டினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சாத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். கோகோவும் எறிபந்தும் என் கோட்டை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது, இடுப்பும் அதற்கேற்ப இருந்தது. பெண் பிள்ளைகளுக்கும் குத்துச்சண்டைப் போட்டி வைக்கப்போகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்ததும், எங்கள் தலைமையாசிரியை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் "எங்க ஸ்கூல்ல இருந்து பிள்ளைக வரும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"எனக்கு அதுல ஆனா ஆவன்னா தெரியாது மேடம்" என்றேன்.

"நீங்கதான் பிள்ளைகள நல்லா அதட்டுவீகளே டீச்சர். அது மாதிரிதான இதுவும்" என்றார்.

அதட்டத் தெரிந்தவளுக்குக் குத்தத் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ!

எங்கள் தெருவில் ராணுவத்தில் இருக்கும் ஒரு தம்பி நீண்ட விடுப்பில் வந்திருந்தான். படைப்பிரிவு அணிக்காகக் குத்துச்சண்டை ஆடியவன், என்னைவிட இருபது வயதாவது சின்னவன். தன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் மிலிட்டரி தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வந்து சொல்லிக்கொடுப்பா என்று கேட்கப் போனேன். அவனோ தன் உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்தான்.

"பிள்ளைகளுக்கு அப்புறம் பாப்போம். மொதல்ல நீங்க குத்துங்க டீச்சர்."

சுடிதார் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் பலத்தையெல்லாம் திரட்டிக் குத்தினேன். அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான், இருமல் வரும்வரை சிரித்தான்.

"டீச்சர், நீங்க குத்தல. வெடிக்குத் திரி பத்தவைக்கிறீக!"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லி, என்னையே என்னைப் பார்க்க வைத்தான். கை மட்டும்தான் முன்னால் போயிருந்தது. உடம்பு பின்னால் சாய்ந்திருந்தது, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, எடை முழுக்கப் பின்னங்குதிகாலில் உட்கார்ந்திருந்தது. தீபாவளி அன்று ஊதுபத்தியை நீட்டிக்கொண்டு அணுகுண்டுக்கு முன்னால் நிற்கிற அதே நிலை. எப்போது வெடிக்குமோ என்று ஓடத் தயாராக நிற்கிற நிலை.

மறுநாள் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் குத்தச் சொன்னேன். ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோரும் திரி பற்றவைத்தார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் வேறு விதமாகத் தப்புச் செய்யும். கட்டைவிரலை உள்ளே மடக்கும், கையைச் சுற்றி வீசும். எங்கள் ஊர்த் தப்பு இதுதான். இந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாவெல்லாம் பட்டாசுக் கம்பெனிகளில் வெடிமருந்தோடு வேலை பார்க்கிறவர்கள். நெருப்புப் பக்கம் போனால் கைதான் போகணும், மூஞ்சி போகக் கூடாது என்று பேச்சு வருவதற்கு முன்னாலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுவார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அது புத்தி. வெடிக்கு ஏற்ற புத்தி, குத்துக்கு ஏற்காத புத்தி.

விரலை மடக்குவது எப்படி, மணிக்கட்டை நேராக வைப்பது எப்படி, மோவாயைத் தோளுக்குள் ஒளிப்பது எப்படி என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். மிலிட்டரி தம்பி சொன்ன ஒன்று மட்டும் நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. "கையப் பாக்காதீக டீச்சர், பொய் சொல்லும். குதிகாலப் பாருங்க" என்றான். குத்து போய்ச் சேரும்போது பின்னங்குதிகால் தரையைவிட்டு எழும்பித் திரும்பியிருந்தால் இடுப்பு திரும்பியிருக்கிறது, இடுப்பு திரும்பியிருந்தால் உடம்பு முழுக்கக் குத்தில் இருக்கிறது. குதிகால் தரையில் ஊன்றியே இருந்தால், எவ்வளவு பெரிதாகக் கத்திக்கொண்டு குத்தினாலும் அது திரி பற்றவைப்பதுதான். எங்கள் மைதானம் மண் தரை. பயிற்சி முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். குதிகால் குழி இருக்கிறதா, முன்பாதம் திருகிய தடம் இருக்கிறதா என்று பார்த்தால் யார் குத்தினாள், யார் ஏமாற்றினாள் என்று தெரிந்துவிடும். நானும் வீட்டு முற்றத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். சரியான குத்து முதல்முதலாக விழுந்த நாளில், நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை தனியாகக் கைதட்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் மாரீஸ்வரி. பத்தாம் வகுப்பு, அச்சங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அம்மாவும் அப்பாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஒல்லியாக இருந்தாலும் கை மின்னல் மாதிரி போகும். அவள் அப்பா ஒருநாள் மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, பொம்பளப் பிள்ளைக்கு மூக்கு ஒடஞ்சா யாரு கட்டுவா?"

"ஒடையாம இருக்கத்தான்ண்ணே சொல்லிக்குடுக்கேன்."

"படிச்சவுக, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா பத்தாவது முடிஞ்சதும் வீட்டுல இருந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டட்டும், வயசு வந்ததும் அவ ஆத்தாகூட கம்பெனி வேன்ல ஏறட்டும்னு நெனச்சிருக்கேன். மேல படிக்க வைக்க எனக்கு வழியில்ல."

விருதுநகரில் நடக்கப்போகும் போட்டியில் ஜெயிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு விடுதியில் இடம் உண்டு, தங்கிப் படிக்கலாம், சாப்பாடும் படிப்பும் அவர்கள் பொறுப்பு என்று சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார், கையுறையைப் பார்த்தார். "எடம் கெடச்சா போகட்டும். கெடைக்கலேன்னா இந்தப் பேச்ச அத்தோட விட்ரணும்" என்றார். மாரீஸ்வரி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். பேரம் முடிந்தது.

அதற்கப்புறம் நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். திரி பற்றவைக்கிற பழக்கத்தை அவள் உடம்பிலிருந்து வேரோடு பிடுங்கிவிடுவது என்று தீர்மானம். "முன்னால போ! முன்னால போ! குத்தின கைய அங்கனயே வச்சு அமுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் முகத்தைத் திருப்புவது நின்றது, சாய்வது நின்றது. சிவகாசியில் வேறொரு பள்ளியோடு பயிற்சி ஆட்டம் ஆடப் போனோம். அங்கே அடி வாங்கிக்கொண்டு வந்தாள். குத்தப் போன கை அங்கேயே நின்றது. அது நின்ற இடைவெளிக்குள் எதிராளியின் கை புகுந்தது.

விடுப்பு முடிந்து மிலிட்டரி தம்பி கிளம்புகிற நாள். ரயிலுக்கு முன்னால் பெட்டியோடு மைதானத்துக்கு வந்து கொஞ்ச நேரம் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"டீச்சர், அந்தப் பிள்ளையோட கை எங்க?"

"இந்தா இருக்கே."

"இது இல்ல. மொத நாள் நான் பாத்த கை. போனது தெரியாம திரும்பி வருமே, அது. திரியப் பத்தவச்சுட்டு வெடுக்குன்னு எடுக்குற கை டீச்சர் அது. பட்டாளத்துல வருசக்கணக்காச் சொல்லிக்குடுத்தாலும் ஒருத்தனுக்கு வராது. காலும் மூஞ்சியும்தான் தப்பு, கை சரி. நீங்க எல்லாத்தையும் சேத்துப் பிடுங்கிட்டீக."

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையிடம் ஒரு தப்பைப் பார்த்ததும் அதன் மேல் பாய்ந்து விழாதீர்கள். அந்தத் தப்புக்குள்ளேயே அவளுடைய பெரிய பலம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை. மற்றதையெல்லாம் விசிலே செய்துவிடும்.

கை திரும்பி வரும் வேகத்தை மீட்க அவன் ஒரு வழி சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினான். ஒரு தாளை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் குத்த வேண்டும். கை நேராகப் போய் வெடுக்கென்று திரும்பினால் தாள் 'பட்'டென்று சத்தம் போடும். தள்ளினால் சத்தமில்லாமல் ஆடும். தாளுக்கு எங்கள் பக்கம் பஞ்சமா? ஒரு மாணவியின் மாமா சிவகாசியில் அச்சகத்தில் இருந்தார். கழிவுத் தாள் ஒரு கட்டு அனுப்பினார். வேப்ப மரத்துக் கிளையில் வரிசையாகத் தொங்கவிட்டு, "ம், குத்துங்க" என்றேன். ஒருத்தியும் குத்தவில்லை. ஒரு பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"என்ன புள்ள?"

"டீச்சர், முருகன்."

நிமிர்ந்து பார்த்தேன். தொங்குவதெல்லாம் மாதக் காலண்டர் தாள். வேலோடும் மயிலோடும் முருகன் கிளைக்குக் கிளை சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பொம்பளை நான். பி.டி. டீச்சர் பிள்ளைகளை விட்டு முருகனைக் குத்தச் சொன்னாள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் பேசினால் என் கதி என்ன? நானே மரத்தடியில் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு தாளாக மரியாதையாக அவிழ்த்தேன். மாரீஸ்வரிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெடிப் பாக்கெட்டு லேபிள் கேளுங்க டீச்சர். அதுல கிளி படம்தான் இருக்கும்" என்றாள். கிளியைக் குத்துவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. ஒரு வாரத்தில் மாரீஸ்வரியின் கை திரும்பி வந்துவிட்டது. குதிகால் திரும்பும், முகம் நேராக நிற்கும், கை போய் 'பட்' என்ற சத்தத்தோடு கன்னத்துக்கு வந்துவிடும். வேப்ப மரத்தடியில் சீனிவெடி வெடிப்பது மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

போட்டி நாள் வந்தது. விருதுநகரில் உள்ளரங்கம், ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. மாரீஸ்வரி இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டாள். அப்பா லீவு போட்டுவிட்டு வந்து மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, வேலைக்குப் போயிருந்தார். எதிராளி மதுரைப் பிள்ளை, நல்ல உயரம், நீண்ட கை. முதல் சுற்றில் ஒருத்திக்கொருத்தி சளைக்கவில்லை.

இரண்டாவது சுற்று பாதியில், அரங்கத்துக்கு வெளியே படபடவென்று பெரிய சத்தம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் திருவிழா இல்லாத நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் நாங்கள் சந்தோஷப்படுவதில்லை. கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எந்தத் திசையில் புகை தெரிகிறது என்று பார்ப்போம். எந்தக் கம்பெனியில் விபத்தோ, யார் வீட்டு ஆளோ என்று ஒருவரையொருவர் கேட்போம். கொதிக்கிற உலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மாரீஸ்வரியும் அதைத்தான் செய்தாள். கை இரண்டும் கீழே இறங்க, முகம் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. மதுரைப் பிள்ளையின் வலது கை நேராக வந்து விழுந்தது.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எண்ண ஆரம்பித்தார். மேலே அவள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். என் கையில் துண்டு இருந்தது. அதை உள்ளே வீசினால் ஆட்டம் முடிந்தது, விடுதியும் முடிந்தது. பக்கத்தில் நின்ற சக ஆசிரியை என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"துண்டப் போட்டுருங்க டீச்சர். பிள்ளைக்கு என்னமும் ஆயிரப்போகுது!"

நான் மாரீஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். முழங்கால் மடங்கவில்லை, பாதம் தடுமாறவில்லை. கால் மட்டும் தள்ளாடியிருந்தால் விடுதியாவது ஒன்றாவது என்று துண்டை வீசியிருப்பேன், அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். ஒரு பிள்ளையின் தலையைவிடப் பெரிய பரிசு உலகத்தில் கிடையாது. ஆனால் இவள் அடியில் மயங்கி நிற்கவில்லை. நடுவர் எண்ணுவதைவிட ஜன்னலைத்தான் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். துண்டை என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எட்டு எண்ணி முடித்து, ஆடுகிறாயா என்று நடுவர் கேட்டதற்குத் தலையாட்டினாள். மிச்ச நேரத்தைக் கையைத் தூக்கி மறைத்தே ஓட்டிவிட்டு, மணி அடித்ததும் மூலைக்கு வந்தாள்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எங்கிட்டு டீச்சர் சத்தம்? அச்சங்குளம் பக்கமா?"

ஒன்றுமில்லை என்று சொல்லலாம்தான். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவள் நம்பமாட்டாள், நம்பாமல் ஏறினால் மறுபடியும் ஜன்னலைத்தான் பார்ப்பாள். குத்து, மறை, நகரு என்று இந்த நேரத்தில் பாடம் எடுத்தாலும் காதில் ஏறாது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்.

"என்னயக் கேட்டா? வெடிச் சத்தத்துலயே பொறந்து வளந்தவ நீ. கண்ண மூடு. நீ கேட்ட சத்தம் என்ன சத்தம்? நீயே சொல்லு."

கண்ணை மூடினாள். அவள் நெற்றிச் சுருக்கம் மெல்ல அவிழ்ந்தது.

"ஒண்ணு போல வெடிச்சுது டீச்சர். கம்பெனி வெடிச்சா விட்டுவிட்டுக் கேக்கும், இது அப்படியில்ல. கடைசியில பெரிசா ஒண்ணு." கண்ணைத் திறந்தாள். "சரவெடி! யாரோ ஜெயிச்சதுக்குக் கொளுத்திருக்காக."

"நல்ல சரமா?"

"எங்கம்மா கட்டுற சரம் இதவிட நல்லா வெடிக்கும்."

"அப்ப எதுக்குடி மூஞ்சியத் திருப்புன?"

சிரித்துவிட்டாள். பல்லில் மாட்டியிருந்த கவசம் தெரியச் சிரித்தாள். "இனித் திருப்பல டீச்சர்."

கடைசிச் சுற்றில் நான் பார்த்ததை என்னால் மறக்கவே முடியாது. மாரீஸ்வரி இடது கையை நீட்டினாள், எடுத்தாள். நீட்டினாள், எடுத்தாள். மதுரைப் பிள்ளை அந்தக் கை நிற்கும், இடைவெளியில் புகலாம் என்று காத்துக்காத்துப் பார்த்தாள். கை நிற்கவே இல்லை. வேப்ப மரத்தடியில் கேட்ட அதே 'பட்', 'பட்' அரங்கம் முழுக்கக் கேட்டது. கையுறையின் வெள்ளைப் பகுதி நேராகப் பட்டால்தான் புள்ளி. ஒவ்வொன்றும் வெள்ளையாகப் பட்டது. வெளியே அடுத்த சரம் வெடித்தது. அவள் திரும்பவில்லை. மதுரைப் பிள்ளைதான் ஒரு நொடி திடுக்கிட்டாள். அந்த நொடியில் மாரீஸ்வரியின் பின்னங்குதிகால் எழும்பித் திரும்புவதை நான் பார்த்தேன். குத்து விழுவதற்கு முன்னாலேயே கத்திவிட்டேன். அப்புறம்தான் அவள் வலது கை போய்ச் சேர்ந்தது. நடுவர் இந்த முறை மதுரைப் பிள்ளைக்கு எண்ணினார்.

மணி அடித்து, நடுவர் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நிற்க, மாரீஸ்வரியின் கை மேலே போனது. நான் அழுதேன். சக ஆசிரியை அழுதார். மாரீஸ்வரி மட்டும் அழவில்லை, கயிற்றுக்கு வெளியே தலையை நீட்டி அப்பாவைத் தேடினாள். அவர் படியிறங்கி ஓடி வந்து, மகளின் தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மூக்கு இருக்கு டீச்சரம்மா" என்றார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விடுதிக்கு எப்பக் கொண்டுபோயி விடணும்?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி வாசலில் ஒரே கூட்டம். மாரீஸ்வரியின் அம்மா அன்றைக்கு லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தார், தன் கையால் கட்டிய சரத்தோடு. தெருவில் நீளமாக விரித்துப் போட்டார்கள். தலைமையாசிரியை ஊதுபத்தியை மாரீஸ்வரி கையில் கொடுத்து, நீயே பற்றவை என்றார். நானும் அவள் அம்மாவும் பக்கத்தில் நின்றோம்.

மாரீஸ்வரி திரிக்கு முன்னால் போய் நின்றாள். இடது கால் முன்னால், வலது கால் பின்னால். மோவாய் தோளுக்குள் இறங்கியது. கண் இமைக்காமல் திரியையே பார்த்தது. பின்னங்குதிகால் எழும்பித் திரும்ப, உடம்பு முழுக்க முன்னால் போக, ஊதுபத்தியை நேராக நீட்டினாள். கை திரும்பிவிட்டது, ஆள் நகரவில்லை. திரி சீறியது. பிள்ளை மோவாயை இறக்கிக்கொண்டு அது எதிர்த்து அடிக்கக் காத்திருப்பதுபோல அதன் முகத்துக்கு நேராகவே நின்றாள்.

அந்தப் பிள்ளையைப் பார்த்துத் தொண்டை கிழிய "முன்னால போ, முன்னால போ" என்று கத்தினவள் நான். அன்றைக்கு அவள் அம்மாவும் நானும் சேர்ந்து கத்தினோம்: "ஏ புள்ள, பின்னால வா!"